மவுஸ் ஃபர் டாஷ்போர்டு: சுத்தம் செய்வது, ரோமத்தை எழுப்புவது, வேறு வழியில்லையென்றால் மாற்றுவது

ஃபெராரி நிறுவனத்தின் டினோ 246 (1969–1974), 365 ஜி.டி.பி./4 டேடோனா (1968–1973) போன்ற இத்தாலிய கார்களின் டாஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த மெத்தென்ற குறுரோமத் துணி மறக்காது. ‘மவுஸ் ஃபர்’, அதாவது எலி ரோமம் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய துணி அது. அழகுக்காக மட்டும் ஒட்டியதல்ல. இந்தக் கார்களில் முன்கண்ணாடி மிகவும் சாய்ந்திருக்கும். டாஷ்போர்டின் மேற்பரப்பு கொஞ்சம் பளபளத்தாலும் அது கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுபவரின் பார்வையைக் கெடுக்கும். குட்டை ரோமம் வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

அந்தச் சாய்ந்த கண்ணாடிதான் துணிக்கு எதிரியும்கூட. வெயில் நேராக விழுகிறது. சாயம் வெளுக்கிறது, கறுப்பு பழுப்பாகிறது. அடியிலுள்ள பசை காய்ந்து பொடியாகிறது. கை படும் இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ரோமம் படிந்துபோகிறது. இவ்வளவும் மெதுவாக நடப்பவை. ஆனால் ஐம்பது வருடம் தாங்கிய துணியை ஒரே பிற்பகலில் பாழாக்குவது பெரும்பாலும் ஷாம்பூவும் வாளித் தண்ணீரும்தான். எனவே கீழே சொல்லும் எல்லா வேலைகளுக்கும் ஒரே அளவுகோல்: தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

முதலில் சோதனை

பிரஷ்ஷைக் கையில் எடுக்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ரோமத்தின் பிடிப்பு: பெயின்டர்கள் பயன்படுத்தும் குறைந்த ஒட்டுதலுள்ள மாஸ்கிங் டேப்பில் 2 செ.மீ. துண்டு வெட்டி, டாஷின் ஓரத்தில் லேசாக வைத்து எடுங்கள். டேப்பில் தூசியும் ஓரிரு ரோமங்களும் வந்தால் பரவாயில்லை. கொத்தாக வந்தால் வெயிலில் இழை நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தத் துணியை பிரஷ் போட்டுத் தேய்த்தால் வழுக்கைதான் மிஞ்சும். வேக்யூமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாயம்: வெள்ளைப் பருத்தித் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, கண்ணுக்குத் தெரியாத மூலையில் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். துணியில் நிறம் இறங்கினால் ஈர வேலை வேண்டாம்.

பசை: விரல் நுனியால் பரப்பு முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் இடமும் எழும்பியிருக்கும் இடமும் வேறு வேறு சத்தம் தரும். காற்றுத் துவாரங்களின் விளிம்பு, கண்ணாடியை ஒட்டிய ஓரம், மீட்டர் கூண்டின் வளைவு ஆகிய மூன்றும் முதலில் விடும் இடங்கள். எழும்பிய இடங்களைப் படமெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இழையின் வகை: மடிப்பின் உள்பக்கத்திலிருந்து நாலைந்து இழைகளை இடுக்கியால் எடுத்து, காருக்கு வெளியே, சுற்றிலும் எரியக்கூடிய எதுவும் இல்லாத இடத்தில் நெருப்பில் காட்டுங்கள். சுருங்கி உருகிக் கடினமான மணியாக நின்றால் நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. காகிதம் எரியும் மணத்தோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி அல்லது விஸ்கோஸ். முடி கருகும் வாடை வந்து, விரலில் நசுங்கும் கரி மிஞ்சினால் கம்பளி. செயற்கை இழைக்குச் சூடு ஆகாது. விஸ்கோஸ் ஈரத்தில் பலமிழக்கும். பின்னால் நீராவி பிடிக்கும்போதும் தண்ணீர் தொடும்போதும் இந்த விவரம் தேவைப்படும். துணி ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், இன்ன மாடலில் இன்ன துணிதான் என்று நம்பி இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

வாங்க வேண்டியவை

சூட், கோட் துடைக்க விற்கும் ஆட்டுமுடி அல்லது குதிரைமுடி பிரஷ் ஒன்று. நைலான் முள் உள்ளது வேண்டாம். உறிஞ்சும் வேகத்தைக் குறைக்க முடிகிற வேக்யூம் கிளீனர். கொசுவலைத் துண்டும் அதை இழுத்துப் பிடிக்க எம்பிராய்டரி வளையமும். வெள்ளை மைக்ரோஃபைபர் துணிகள் பத்துக்குக் குறையாமல். வெள்ளையாக இருந்தால்தான் அழுக்கும் சாயமும் இறங்குவது தெரியும். டிஸ்டில்டு வாட்டர் 2 லிட்டர். கம்பளி, பட்டு துவைக்கும் நடுநிலை திரவ சோப்பு. வெளுப்பான், என்சைம், வாசனை மெழுகு எதுவும் கலக்காததாகப் பாருங்கள். கறைக்கு மணம் குறைந்த மினரல் டர்பன்டைன் 100 மி.லி. ஒட்டுவதற்கு அதிகச் சூடு தாங்கும் நியோப்ரீன் கான்டாக்ட் சிமென்ட். ஒரு சிறிய மேசை ஃபேன்.

சமையலறை வினிகர், சமையல் சோடா, பிளீச், தின்னர், அசிட்டோன், டாஷ்போர்டு பாலிஷ் ஸ்பிரே ஆகியவற்றைக் காரின் அருகிலேயே கொண்டுவர வேண்டாம். கடைசியாகச் சொன்ன சிலிகான் ஸ்பிரே மிகவும் கெட்டது. வினைலுக்குச் செய்யப்பட்ட அது ரோமத்தில் ஏறினால் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு எளிதில் விடாது.

காரைத் தயார் செய்வது

நிழலில் நிறுத்துங்கள். டாஷ் வெயிலில் சூடாகியிருந்தால் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அந்தக் காலத்துக் கார்களில் அம்மீட்டர் (மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) இருக்கும். சாவி போடாத நேரத்திலும் அதன் பின்னால் மின்சாரம் இருக்கும்.

மீட்டர் பொருத்திய அலுமினியப் பலகையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டே வேலை செய்யுங்கள். முடியாவிட்டால் பாலித்தீன் தாளால் மூடுங்கள். மூடும் டேப் உலோகத்தில் மட்டும் ஒட்ட வேண்டும், ரோமத்தின் மேல் ஒரு மி.மீ. கூட ஏறக்கூடாது. அலுமினியத்துக்கு மெட்டல் பாலிஷ் போடும் ஆசை இருந்தால், அதை மேசை மேல் வைத்துச் செய்யுங்கள். பாலிஷ் ரோமத்தில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும், அதை எடுப்பது மிகவும் கடினம்.

காய்ந்த சுத்தம்

பெரும்பாலான டாஷ்கள் இந்தக் கட்டத்திலேயே பாதிக்கு மேல் தேறிவிடும். அதனால் அவசரப்படாதீர்கள், ஒரு மணி நேரம் முழுதாக ஒதுக்குங்கள்.

வளையத்தில் கொசுவலையை விறைப்பாகக் கட்டித் துணி மேல் வையுங்கள். வேக்யூமைக் குறைந்த வேகத்தில் வைத்து, வலையின் மேலிருந்து உறிஞ்சுங்கள். வலை இல்லாவிட்டால் தளர்ந்த ரோமமும் எழும்பிய துணியும் குழாய்க்குள் இழுபடும். ஒரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் ரோமத்தின் சாய்வுக்கு எதிராக மெல்ல வருடி உள்ளே புதைந்த தூசியை எழுப்புங்கள், மறுபடி உறிஞ்சுங்கள். கடைசித் தடவல் எப்போதும் சாய்வோடு போக வேண்டும். சாய்வு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் விரலால் இரு பக்கமும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் திசைதான் சாய்வு.

வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சை தெரிந்தால் காரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், என்-95 முகக்கவசம் போட்டு, ஹெபா ஃபில்டர் உள்ள வேக்யூமால் எடுங்கள். பூஞ்சை இருந்தால் எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது. முன்கண்ணாடி ரப்பரைச் சரி செய்யாமல் துணியில் கை வைப்பது வீண் வேலை.

நுரைச் சுத்தம்

சாயச் சோதனையிலும் டேப் சோதனையிலும் தேறிய துணிக்கு மட்டும் இது. கால் லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. சோப்பு ஊற்றி, முட்டை அடிக்கும் கரண்டியால் கெட்டி நுரை வரும்வரை அடியுங்கள். மேலே நிற்கும் நுரையை மட்டும் துணியில் அள்ளுங்கள். கீழே நிற்கும் தண்ணீர் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஏறக்குறைய 15 செ.மீ. சதுரம் மட்டும். நுரையைச் சாய்வின் திசையில் ஒற்றியெடுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். அரை நிமிடத்தில் காய்ந்த துணியால் ஒற்றுங்கள். அடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து முடிந்தவரை பிழிந்த துணியால் இரண்டு முறை ஒற்றி சோப்பை எடுங்கள். சோப்பு தங்கினால் ஒரு மாதத்தில் முன்னைவிட வேகமாக அழுக்குப் பிடிக்கும். மறுபடி காய்ந்த துணி. அந்த ஈரத்திலேயே பிரஷ்ஷால் சாய்வோடு சீவிவிட்டு அடுத்த சதுரத்துக்குப் போங்கள், முந்தைய சதுரத்தின் மேல் 2 செ.மீ. ஏறும்படி.

சரியாகச் செய்தால் ரோமத்தின் மேல் பாதி மட்டும் ஈரமாகும். அடித்துணி நனையவே கூடாது. நனைந்தால் என்ன நடக்கும்? அடித்துணி சுருங்கி ஓரங்களை இழுக்கும். பழைய பசை நெகிழும். அடியில் இருக்கும் பசைச் சாயம் மேலேறிப் பழுப்பு வளையமாகக் காயும். வளையம் விழுந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் மறுபடி துடைக்காதீர்கள், வளையம் பெரிதாகும். தையலிலிருந்து தையல் வரை, அல்லது ஓரத்திலிருந்து ஓரம் வரை முழுப் பலகையையும் ஒரே சீராக மெல்லிய பனிபோல் டிஸ்டில்டு வாட்டர் தெளித்து, உடனே ஒற்றி, ஒன்றாகக் காயவிடுங்கள்.

காய வைக்க ஃபேன் போதும். கதவுகளைத் திறந்து வைத்து 24 மணி நேரம். ஹேர் டிரையர் வேண்டாம். செயற்கை இழையின் நுனி சூட்டில் சுருண்டு கரடுமுரடாகிவிடும், அது திரும்ப நேராகாது. காய்ந்தபின் திருப்தி இல்லையென்றால் இன்னொரு நாள் இன்னொரு சுற்று. ஒரே நாளில் மூன்று சுற்று போடுவதைவிட மூன்று வாரத்தில் மூன்று சுற்று துணிக்கு நல்லது.

கறைகள்

எண்ணெய், கிரீஸ், பழைய மெழுகு ஆகியவற்றுக்கு மினரல் டர்பன்டைன். துணியின் மேல் நேரடியாக ஊற்றாதீர்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கறையின் வெளியோரத்திலிருந்து உள்நோக்கி உருட்டுங்கள். ஒவ்வொரு உருட்டலுக்கும் புதுக் குச்சி. டர்பன்டைன் அதிகமாகி அடியில் இறங்கினால் ரப்பர் பசை கரையும், எனவே குச்சி ஈரமாக இருக்கலாம், சொட்டக்கூடாது. சூயிங் கம், மெழுகுத் துளி இருந்தால் ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் பையில் சுற்றி 5 நிமிடம் வைத்து, இறுகியதும் விரல் நகத்தால் உடைத்தெடுங்கள். எண்ணெய் உறிஞ்ச மாவு தூவும் பழக்கம் உண்டு. வெளிர் துணியில் சரி, கறுப்புத் துணியில் மாவு அடியில் தங்கிச் சாம்பல் பூத்துக் காட்டும்.

படிந்த ரோமம்

அழுக்கு போனபின்னும் சில இடங்களில் ரோமம் தலையணை பட்ட தலைமுடி போலப் படிந்திருக்கும். ஸ்டீமரை 15 செ.மீ. தூரத்தில் பிடித்து, நகர்த்திக்கொண்டே 2 விநாடி நீராவி காட்டுங்கள். உடனே பிரஷ்ஷால் எதிர்த் திசையில் எழுப்பி, ஆறியபின் சாய்வோடு சீவுங்கள். ஸ்டீமர் நீர்த்துளி துப்பினால் நிறுத்துங்கள். தண்ணீர் முழுதாகக் கொதித்தபின் முதல் சில விநாடிகளை வெளியே விட்டுவிட்டுத்தான் காரருகே கொண்டுவர வேண்டும். இரண்டு முறைக்கும் எழாத ரோமம் எழாது. அது தேய்ந்துபோன ரோமம், அதை அப்படியே விடுங்கள்.

எழும்பிய ஓரங்களை ஒட்டுவது

புதியவர்கள் அதிகம் கெடுக்கும் இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓரத்தைத் தூக்கினால் உள்ளே மஞ்சள் அல்லது பழுப்புப் பொடி இருக்கும். அதன்மேல் புதுப் பசை பூசினால் பொடியோடு சேர்ந்து மறுபடி விடும். பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, வேக்யூமால் உறிஞ்சி, அடிக்கூட்டை (துணி ஒட்டியிருக்கும் டாஷின் கெட்டியான உடலை) மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

கான்டாக்ட் சிமென்டை அடிக்கூட்டில் ஒரு மெல்லிய பூச்சு, துணியின் பின்புறத்தில் அதைவிட மெல்லிய பூச்சு. துணிப் பக்கம் பசை கனமாக இருந்தால் நெய்தலை ஊடுருவி ரோமத்துக்குள் ஏறும். அங்கே அது காய்ந்து முள்ளாக நிற்கும். கரைக்கப் போனால் சாயமும் போகும். எனவே தூரிகையை டப்பாவின் விளிம்பில் நன்றாக வழித்துவிட்டு, அரை உலர்ந்த தூரிகையால் பூசுங்கள். 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள். விரல் முட்டியால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஒட்டக்கூடாது.

கான்டாக்ட் சிமென்ட் தொட்ட இடத்தில் ஒட்டிவிடும், நகர்த்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. எனவே இரண்டு பரப்புக்கும் நடுவே பட்டர் பேப்பரைச் செருகி வைத்து, துணியைச் சரியான இடத்தில் நிறுத்தியபின், பேப்பரை ஒரு விரற்கடையாக இழுத்துக்கொண்டே அழுத்துங்கள். அழுத்தும்போது ரோமத்தின் மேல் ஒரு வெல்வெட் துண்டை ரோமத்தோடு ரோமம் படும்படி வைத்தால் தடம் விழாது. சூடு தாங்காத சாதாரண ஸ்பிரே பசைகள் கோடையில் முதல் மாதமே விட்டுவிடும். மூடிய காரில், வெயிலில், டாஷ்போர்டு கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும் என்பதை நினைவில் வைத்து டப்பாவில் எழுதியிருக்கும் வெப்ப அளவைப் படித்து வாங்குங்கள்.

இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், தலைசுற்றலும் தரும். கதவுகள் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்போ மின்பொறியோ வேண்டாம். தூசிக்குப் போடும் என்-95 கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள கவசம் வேண்டும்.

வெளுத்த நிறம்

இதில் எங்கள் கருத்து கறாரானது: மூலத் துணிக்குச் சாயம் போடாதீர்கள். நைலான் சரியாகச் சாயம் ஏற்க அமிலச் சாயமும் கொதிநீரும் வேண்டும், டாஷ்போர்டில் அது நடக்காது. குளிர்ந்த நிலையில் தெளிக்கும் துணிச் சாயங்கள் இழையின் மேல் உட்காருகின்றன. கையிலும் சட்டையிலும் ஒட்டுகின்றன. ரோமத்தை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்குகின்றன. சீராக வெளுத்த அசல் துணிக்கு, தீட்டிய கறுப்பைவிட மதிப்பு அதிகம். பழமை மாறாத கார்களை மதிப்பிடுபவர்கள் தேடுவதும் அதைத்தான். பாதி கறுப்பு, பாதி பழுப்பு என்று பட்டை பட்டையாகி, ரோமமும் கொட்டுகிறது என்றால் மாற்றலாம்.

மாற்றுவது

டினோ, டேடோனா இரண்டுக்கும் அசலை ஒத்த துணியை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உதிரிபாக நிபுணர்கள் விற்கிறார்கள். முதலில் மாதிரித் துண்டு வாங்கி, வெயில் படாமல் மடிப்பின் உள்ளே ஒளிந்திருக்கும் பழைய துணியோடு வைத்து ஒப்பிடுங்கள். ரோமத்தின் உயரம், அடர்த்தி, நிறம் மூன்றும் பொருந்த வேண்டும். முழுக் காருக்கும் ஒரே சுருளிலிருந்து, ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக வாங்குங்கள். அடுத்த சுருளின் கறுப்பு வேறு கறுப்பாக இருக்கும்.

டாஷைக் கழற்றும்முன் ஒவ்வொரு வயருக்கும் எண் சீட்டு ஒட்டிப் படமெடுங்கள். பழைய துணியைக் கிழிக்காமல் உரித்தெடுங்கள், அதுதான் உங்கள் அளவுத் துணி. உரிக்கும் முன்பே அதன் பின்புறம் தெரியும் இடங்களில் ரோமச் சாய்வின் அம்புக்குறியைப் போட்டுவிடுங்கள். புதுத் துண்டுகள் எல்லாவற்றிலும் அம்பு ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஒரு துண்டைத் திருப்பிப் போட்டுவிட்டால், ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

அடிக்கூட்டைச் சுரண்டி, 120 எண் உப்புத்தாள், பின்பு 180 போடுங்கள். விரிசல் இருந்தால் பின்புறத்தில் கண்ணாடியிழைத் துணியும் எப்பாக்ஸியும் வைத்து, முன்புறத்தை மட்டமாகத் தேய்த்துவிடுங்கள். மெத்தென்ற துணிதானே, மேடு பள்ளத்தை மறைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு பசைக்கட்டியும் நிழல் போட்டுக் காட்டும்.

ஒட்டுவது எப்போதும் நடுவிலிருந்து. மீட்டர் கூண்டின் மேல்வளைவில் ஒரு கை அகலத்துக்கு ஒட்டி, அங்கிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் போங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் சுருக்கமெல்லாம் அங்கே சேர்ந்துவிடும். இரட்டை வளைவுகளில் துணியின் பின்புறம் லேசாக நீராவி காட்டினால் இழுபடும். இதை ஒட்டும் முன் வெறும் துணியோடு ஒத்திகை பாருங்கள். ஓரத்தில் 2 செ.மீ. மடிப்பு விடுங்கள். மடிப்பில் மட்டும் முக்கோண வெட்டு போடலாம், விளிம்புக்கு 4 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் வெட்டு வெளியே தெரியும்.

காற்றுத் துவாரங்களையும் சுவிட்சுத் துளைகளையும் கடைசியில், பசை 24 மணி நேரம் இறுகியபின் வெட்டுங்கள். புது பிளேடு, நடுவில் சிறிய பெருக்கல் குறி, நுனிகளை உள்ளே மடித்து ஒட்டுவது. முதலிலேயே வெட்டினால் இழுக்கும்போது துளை நீள்வட்டமாகிவிடும்.

பிறகு

மாதம் ஒருமுறை காய்ந்த பிரஷ் போதும். நிறுத்தும்போது கண்ணாடியின் உள்பக்கம் வெயில் மறைப்பு வையுங்கள், டாஷ் மேல் உறை போடாதீர்கள். உறை உரசி ரோமத்தைப் படிய வைக்கும். ஜெல் வாசனை டப்பா, கைபேசி ஒட்டும் பட்டை எதுவும் அதன்மேல் வேண்டாம். முன்கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள், வழிந்து விழும் சொட்டுகள்தான் முன்னோரத்தில் வளையம் போடுகின்றன. மாற்றிய துணியின் மிச்சத்தையும் உரித்த பழைய துணியையும் அமிலமற்ற தாளில் சுருட்டி, மடிக்காமல், இருட்டில் வையுங்கள். பின்னால் ஒரு மூலை கெட்டால் ஒட்டுப்போட அந்த மிச்சமும், காரை விற்கும்போது அசல் என்னவாக இருந்தது என்று காட்ட அந்தப் பழைய துணியும் வேண்டியிருக்கும்.